நல்ல குண்டுப் பெண்

திங்கட்கிழமை காலையில் கடவுள் வாழ்த்து முடிந்ததும் பொன்னுரங்கம் வித்யாலயாவில் எடை பார்ப்பார்கள். மேடையில் தரையோடு தரையாக ஓர் எந்திரம் பதித்திருந்தது. பிள்ளைகள் வகுப்புவாரியாக அதன்மேல் ஏறி இறங்க, பின்னாலிருக்கும் பெரிய திரையில் எடை விழும். அளவைத் தாண்டிய பிள்ளை ஏறினால் திரையில் ஒரு யானைக்குட்டி வந்து தும்பிக்கையை ஆட்டும். முன்பெல்லாம் பூசணிக்காய்தான் வந்தது. குழந்தைகளின் மனம் புண்படுகிறது என்று பெற்றோர் ஆசிரியர் கழகம் தீர்மானம் போட்டதால், மனம் புண்படாதிருக்க யானைக்குட்டி.

பத்தாம் வகுப்பு மேகவர்ஷினி ஏறினால் யானைக்குட்டி ஆடுவதோடு பிளிறவும் செய்யும். அந்தச் சத்தத்தை அவளுக்காகவே சேர்த்தார்கள் என்று பள்ளியில் ஒரு பேச்சு. அவள் ஒவ்வொரு வாரமும் திரையைப் பார்த்துக் கும்பிட்டு, "விநாயகா, காப்பாத்து" என்று சொல்லிவிட்டு இறங்குவாள். கூட்டம் சிரிக்கும். எப்படியும் சிரிக்கத்தான் போகிறார்கள், தான் சொன்னதற்காகச் சிரித்ததாக இருக்கட்டும் என்பது அவள் எண்ணம்.

சிரிப்பு அடங்கியதும் தாளாளர் பேசுவார். கல்வித் தந்தை ஆ. பொன்னுரங்கம். அந்தப் பட்டத்தை அவருக்கு யார் கொடுத்தார்கள் என்று கோயமுத்தூரில் யாருக்கும் தெரியாது. பள்ளியின் முகப்பில் ஆளுயர எழுத்தில் இருந்ததால் எல்லோரும் நம்பினார்கள். அறுபதைத் தாண்டியும் முருங்கைக்காய் போல இருப்பார். மாரத்தான் ஓடுவார். ஓடுவதைவிட, ஓடிய படத்தைப் பேருந்துகளின் முதுகில் ஒட்டுவதில் அவருக்கு அக்கறை அதிகம். "தட்டுல கட்டுப்பாடு இல்லாதவனுக்கு வாழ்க்கையில கட்டுப்பாடு வராது" என்று அவர் ஒலிபெருக்கியில் சொல்லும்போது மேடையில் இருக்கும் ஆசிரியர்கள் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்கள்.

அந்த ஆண்டு பள்ளியில் ரத்தப் பரிசோதனை முகாம் ஒன்று நடந்தது. குண்டுப் பிள்ளைகளுக்கு மட்டும். ஊசி குத்தி, வயிற்றை ஸ்கேன் எடுத்து, ஆளுக்கொரு வெள்ளரிக்காய் கொடுத்து அனுப்பினார்கள். கொஞ்ச நாளில் வர்ஷினியின் பெற்றோரைத் தாளாளர் கூப்பிடுவதாகச் செய்தி வந்தது.

வர்ஷினியின் அப்பா தெய்வசிகாமணி சிங்காநல்லூரில் பேக்கரி வைத்திருப்பவர். மகளின் உடம்புக்கு அவருடைய தேங்காய் பன்தான் காரணம் என்று ஒறம்பரைக்காரர்கள், சொந்தபந்தம் எல்லோரும் சேர்ந்து தீர்ப்பு எழுதி வெகுகாலம் ஆகிவிட்டது. அவரும் அதை ஒப்புக்கொண்டு, வெளியிடங்களில் வாயைத் திறப்பதை நிறுத்தியிருந்தார். அம்மா கோகிலவாணி வேறு ரகம். கல்யாண வீடுகளில் குடும்பப் படம் எடுக்கும்போது மகளைக் கடைசி வரிசையில் நிறுத்தி, முன்னால் விறைப்பான பட்டுப்புடவைக்காரி ஒருத்தியைக் காபந்தாக நிறுத்திவிட்டுத்தான் தன் இடத்துக்கு வருவாள்.

"டிசி குடுத்துருவாங்களோ?" என்றாள், தாளாளர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபடி.

"குண்டா இருக்கறதுக்கு ஆராவது டிசி குடுப்பாங்களா?" என்றார் தெய்வசிகாமணி.

"உங்களுக்கு என்ன தெரியும். போன வருசம் எட்டாவது பையன் ஒருத்தனுக்குக் குடுத்தாங்க."

"அவன் பி.டி. சார் வண்டியில காத்தப் புடுங்கி உட்டான்மா," என்றாள் வர்ஷினி.

"நீ சும்மா இரு. உள்ள போனா வயித்த எக்கிக்க."

உள்ளே போனால் தாளாளர் எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்று அந்த அறையின் சுவர்களே பார்த்ததில்லை. முந்திரிப்பருப்பு ஒரு தட்டில் இருந்தது. அதை அவரே எடுத்து வர்ஷினியின் முன்னால் நகர்த்தினார். பக்கத்தில், கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பும் தோளில் எங்கேயோ போர்த்திய பொன்னாடையுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். டாக்டர் விஸ்வேஸ்வரன். அவர் நீட்டிய அட்டையில் பெயருக்கு மேலே ‘இன்சுலின் இமயம்’ என்று அச்சாகியிருந்தது.

"உங்க பொண்ணு ரிப்போர்ட்டப் பாத்துட்டு மெஷின் கெட்டுப்போச்சோன்னு நெனச்சேன்," என்றார் இமயம். "சர்க்கரை சுத்தம். ரத்தத்துல கொழுப்பு சுத்தம். கல்லீரல் பளிங்கு மாதிரி இருக்குது. இந்த ஊர்ல ஓட்டப்பந்தயம் ஓடற பசங்களுக்குக்கூட இப்படி ஒரு கல்லீரல் நான் பாக்கல."

கோகிலவாணிக்குப் புரியவில்லை. "அப்ப இந்த உடம்பு?"

"இந்த உடம்புனாலதான். நீங்க என்ன தொழிலுங்க?"

"பேக்கரிங்க," என்றார் தெய்வசிகாமணி, குற்றத்தை ஒப்புக்கொள்ளும் குரலில்.

"நல்லதாப் போச்சு. சர்க்கரை மூட்டை வந்தா எங்க எறக்குவீங்க?"

"குடோன்லங்க."

"குடோன் சின்னதா இருந்தா?"

"கடைக்குள்ள, அடுப்பு பக்கம், நடக்கற வழியில எல்லாம் அடுக்கணுங்க. எலி வரும். ஒரு வேலையும் ஓடாதுங்க."

"அவ்வளவுதான் விஷயம். மனுசனுக்குத் தோலுக்கடியில இருக்கற கொழுப்புதான் குடோன். நம்ம ஆளுங்க முக்காவாசிப் பேருக்குக் குடோன் சின்னது. பாத்தா ஒல்லியா இருப்பான். தின்னது வைக்க எடமில்லாம கல்லீரல்ல ஏறும், கணையத்துல ஏறும். வெளிய பாத்தா முருங்கைக்காய். உள்ள பூராவும் நெய்."

தாளாளர் இருமினார்.

"பொதுவாச் சொன்னேன் சார்," என்றார் இமயம். "பாப்பாவுக்குக் குடோன் பெருசு. இன்னும் வளந்துட்டிருக்குது. எவ்வளவு எறக்குனாலும் வாங்கிக்கும். குண்டுல ரெண்டு வகை உண்டும்மா. நல்ல குண்டு, கெட்ட குண்டு. உங்க பொண்ணு நல்ல குண்டு."

"யானைக்குட்டி அப்படி ஒண்ணும் சொல்லலீங்களே சார்," என்றாள் வர்ஷினி. தாளாளர் இதற்கும் சிரித்தார். வர்ஷினிக்கு அப்போதுதான் பயம் வந்தது.

விஷயத்தை அவரே சொன்னார். சுற்றி வளைத்து, தாய்நாடு, தலைமுறை, தியாகம் எல்லாவற்றையும் தொட்டுவிட்டுச் சொன்னார். அவருக்குச் சர்க்கரை. வெகுகாலமாக. பேருந்து முதுகில் ஓடிக்கொண்டிருக்கும் அந்த மனிதரின் கல்லீரல் கல்லாகிக்கொண்டிருந்தது. அதற்கு இப்போது வைத்தியம் வந்திருக்கிறது. நல்ல குண்டுப் பிள்ளையின் கொழுப்பை உயிரோடு எடுத்து நோயாளியின் வயிற்றில் தோலுக்கடியில் நட்டால், அது வேர்பிடித்து வளர்ந்து, அவருக்கும் ஒரு குடோன் ஆகும். முகாமில் பார்த்த பிள்ளைகளில் அவருடைய ரத்தத்தோடு சேர்ந்தது வர்ஷினியின் ரத்தம்.

"பெரியவங்க கொழுப்பு ஆகாதுங்களா?" என்றார் தெய்வசிகாமணி. "என்கிட்டயே கொஞ்சம் இருக்குதுங்க."

"அது முத்துனது. நட்டாப் புடிக்காது. இந்த வயசுப் புள்ளைங்களுதுதான் எளசு." இமயம் இதை வெண்டைக்காயின் முனையை ஒடித்துப் பார்ப்பவரின் முகத்தோடு சொன்னார்.

தெய்வசிகாமணி விரல்விட்டு ஏதோ கணக்குப் போட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார். "ஏனுங்க டாக்டர், குடோனை எடுத்துட்டா எம்பொண்ணு சரக்கை எங்கீங்க வைப்பா?"

"சரக்கே எறக்காதீங்க," என்றார் இமயம். தாளாளர் மேசையைத் தட்டிச் சிரித்தார். ஒரு நல்ல கேள்வி அந்த அறையில் அவ்வளவு சுலபமாகச் செத்துப்போனது.

கோகிலவாணி கேள்வியையும் கேட்கவில்லை, பதிலையும் கேட்கவில்லை. அவள் மனதில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. "எடுத்துட்டா ஒல்லியாயிருவாளுங்களா?"

"பின்ன?"

"தழும்பு?"

"தேடணும்."

"திரும்ப வந்துருமுங்களா?"

"குடோனே இருக்காதுங்கறேன்."

"செலவு?"

"தானத்துக்கு ஏதுங்க செலவு," என்றார் தாளாளர். "நாங்கதான் உங்களுக்குக் கடமைப்பட்டவங்க."

கோகிலவாணி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முருகன் கண்ணைத் திறந்துவிட்டான் என்று அவள் நினைத்தாள்.

சட்டப்படி பிள்ளையும் சம்மதிக்க வேண்டும். அதற்கு ஒரு நெறிமுறைக் குழு இருந்தது. ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், பட்டிமன்ற நடுவர் ஒருவர், தாளாளருடைய கல்லூரியின் முதல்வர் ஒருவர். குழு கூடுவதற்கு முந்தின நாள் மாலை வர்ஷினி கடையில் உட்கார்ந்து பப்ஸ் தின்றுகொண்டிருந்தாள்.

"உனக்கு வேண்டாம்னா சொல்லு கண்ணு," என்றார் தெய்வசிகாமணி, கேக் மேல் கிரீம் பூசிக்கொண்டே. "நான் பேசிக்கறேன்."

"நீங்க என்னைக்குப்பா பேசியிருக்கீங்க?"

அவர் கிரீமைச் சமப்படுத்தினார். அது ஏற்கெனவே சமமாகத்தான் இருந்தது.

"எனக்கு ஒண்ணுமில்லப்பா. ஓடச் சொன்னா ஓடறேன், மூச்சு வாங்கல. பசிச்சா திங்கறேன், பசி அடங்குது. ஆனா ஒரே ஒரு தடவ அம்மா பக்கத்துல நின்னு போட்டோ எடுக்கணும். அவங்களே கூப்புட்டு நிக்க வைக்கணும். அதுக்கு வேற வழி இருந்தாச் சொல்லுங்க."

தெய்வசிகாமணி இன்னொரு பப்ஸை எடுத்து அவள் தட்டில் வைத்தார். மறுநாள் வீடியோ அழைப்பில் தோன்றிய பட்டிமன்ற நடுவர், "மகளே, மனமுவந்து தருகிறாயா, மற்றவருக்காகத் தருகிறாயா?" என்று ராகம் போட்டுக் கேட்டார். வர்ஷினி ரெண்டும்தான் என்றாள். அவர் அதை அற்புதமான பதில் என்று பாராட்டிக் கையெழுத்திட்டார்.

அறுவை சிகிச்சைக்கு முன்னால் சில மாதம் குடோனைப் பெருக்க வேண்டும் என்றார் இமயம். அதற்கு ‘விளைச்சல் காலம்’ என்று பெயர் வைத்திருந்தார். பிறந்ததிலிருந்து பூட்டி வைத்திருந்த பிஸ்கட் டின்னை கோகிலவாணி தானே திறந்து மகளிடம் நீட்டினாள். பள்ளி உணவகத்தில் வர்ஷினிக்கென்று விரிப்பு போட்ட தனி மேசை வந்தது. மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டு விசில் ஊதிய பி.டி. ஆசிரியர் அவளுடைய பையைச் சுமந்துகொண்டு லிஃப்ட் வரை வந்தார். படியேறினால் விளைச்சல் குறையுமாம். திங்கட்கிழமைகளில் அவள் எந்திரத்தில் ஏறினால் யானைக்குட்டிக்குப் பதிலாக மலர்தூவும் படம் வந்தது. மற்ற குண்டுப் பிள்ளைகளுக்கு யானை அப்படியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் தாளாளர் வீட்டுக்கு வருவார். ஜாங்கிரிப் பெட்டியோடு வருவார். தனக்கென்று ஒரு டப்பாவில் வேகவைத்த அவரைக்காய் கொண்டுவந்து, எதிரில் உட்கார்ந்து, அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே அதை மெல்லுவார். அவர் கண் அவள் முகத்தில் ஒருநாளும் இருந்ததில்லை. தட்டிலிருந்து வாய்க்கும் வாயிலிருந்து தட்டுக்கும் போய் வந்துகொண்டிருக்கும்.

"இன்னொண்ணு எடுத்துக்க கண்ணு," என்பார். "எனக்காக."

"வயிறு நெறஞ்சிருச்சு சார்."

"நெறையட்டும் நெறையட்டும். உனக்குள்ள போறதெல்லாம் எனக்குள்ள வர்றதுதானே." சொல்லிவிட்டு, ஜாங்கிரிப் பாகு ஒட்டிய மேசையை விரலால் தொட்டு, அந்த விரலை முகர்ந்து பார்த்துவிட்டுக் கைக்குட்டையில் துடைத்துக்கொள்வார். அவர் போனபிறகு வர்ஷினி அந்த மேசையை இரண்டு முறை துடைப்பாள்.

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அதைவிட நல்லபடியாக விழா நடந்தது. மாநகராட்சிக் கலையரங்கில், ஆறு மீட்டர் பதாகையில் தாளாளர் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருக்க, கீழே மூலையில் வர்ஷினியின் பாஸ்போர்ட் படம் இருந்தது, ‘கொழுப்புக் கொடைச் செல்வி’ என்ற பட்டத்தோடு. கொழுப்பை வைத்து அப்போது ஊரில் ஒரு நகைச்சுவை உலவியது. மேடையில் பேசிய எல்லோரும் அதே நகைச்சுவையைச் சொன்னார்கள், எல்லோரும் இப்போதுதான் தோன்றியதாகச் சொன்னார்கள். கோகிலவாணி மகளைத் தோளோடு அணைத்து முன்வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டாள். அந்தப் படத்தில் வர்ஷினி சிரிக்கிறாள். பொய்ச் சிரிப்பு இல்லை.

பிறகு பாராட்டுகள் தொடங்கின. ஒறம்பரைக்காரர்கள் வீடு தேடி வந்து பார்த்தார்கள். கழுத்தெலும்பு தெரிகிறதே என்று ஒருத்தி சந்தோஷப்பட்டாள். கன்னம் ஒட்டிவிட்டதே, இப்போதுதான் மூக்கே தெரிகிறது என்றாள் இன்னொருத்தி. பேத்திக்கு இதே மாதிரி பண்ணிவிட யாரைப் பார்க்க வேண்டும் என்று மூன்றாவது ஆள் கேட்டாள். யாரும் அவளிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. எப்படி இருக்கிறாள் என்பதுதான் கண்ணுக்குத் தெரிகிறதே.

பசி அடங்காமல் போனதை அவள்தான் முதலில் கவனித்தாள். ஒரு சட்டி சோறு தின்றுவிட்டு எழுந்தால் இலை போடுவதற்கு முன்பிருந்த அதே பசி. இமயத்திடம் கேட்டபோது, "வயிறு நெறஞ்சிருச்சுன்னு மூளைக்குத் தந்தி அடிக்கறதே கொழுப்புதாம்மா. தந்தி ஆபீசை மூடிட்டோம். மனசை அடக்கிக்க," என்றார். பேக்கரிக்காரர் மகள் பேக்கரிக்குள் உட்கார்ந்து மனதை அடக்கிக்கொண்டிருந்தாள். பிறகு தாகம் வந்தது. வகுப்பில் மணிக்கு மணி கழிவறைக்குப் போனாள். கழுத்தின் பின்புறம் கருக்கத் தொடங்கியது. சர்க்கரை உள்ளே முற்றுகிறது என்பதற்கு அது அடையாளம். கோகிலவாணி அதை அழுக்கு என்று முடிவு செய்து ஞாயிறுதோறும் கடலைமாவும் தயிரும் போட்டுத் தேய்த்தாள்.

"வலிக்குதும்மா."

"இவ்வளவு அழகான கழுத்து வந்திருக்குது, குளிக்கறப்பத் தேய்ச்சுக்க மாட்டியா?"

பாராட்டாத ஆள் ஒருத்திதான். இலக்கியா. வகுப்பில் வர்ஷினிக்கு அடுத்த குண்டு. இப்போது பதவி உயர்வு பெற்று முதல் குண்டு. "நீ நல்லாவே இல்லடி," என்றாள். "முருங்கைக்காய்ல மூஞ்சி வரஞ்ச மாதிரி இருக்க." சொல்லிவிட்டுத் தன் டிபன் பாக்ஸை அவள் பக்கம் திறந்து வைப்பாள். வர்ஷினி இரண்டு பாக்ஸையும் காலி பண்ணிவிட்டு மூடியில் ஒட்டியிருப்பதை வழிப்பாள். இலக்கியா வேறு பக்கம் பார்த்துக்கொள்வாள்.

ஒரு மதியம் வகுப்பிலேயே மயங்கி விழுந்தபிறகு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை எகிறியிருந்தது. பளிங்குக் கல்லீரல் நெய்க்கட்டியாகிவிட்டிருந்தது. தினமும் ஊசி என்றார்கள். "ஒல்லியா இருக்கற புள்ளைக்கு எப்படிங்க சர்க்கரை வரும்?" என்று கோகிலவாணி நர்சோடு சண்டை போட்டாள்.

தாளாளருக்கு எல்லாம் நேர்மாறாக நடந்தது. நட்ட கொழுப்பு வேர்பிடித்தது. சர்க்கரை இறங்கியது. ஊசியை நிறுத்தினார், ஜாங்கிரி தின்றார், கல்லீரல் மெல்ல மெல்லத் தேறியது. இமயம் அவருடைய ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு மூன்று நாடுகளுக்குப் போய் வந்தார். ஆனால் பதின்ம வயதுக் கொழுப்பு வளரும். வளர்வதுதான் அதன் வேலை. தாளாளருக்குத் தொப்பை விழுந்தது. பிறகு இரண்டாவது மடிப்பு விழுந்தது. பேருந்து முதுகில் ஓடும் மனிதருக்கும் காரிலிருந்து இறங்கும் மனிதருக்கும் சம்பந்தம் இல்லாமல் போனது.

சுதந்திர தினத்தன்று அது நடந்தது. கொடியேற்றிவிட்டுக் கட்டுப்பாட்டைப் பற்றிப் பேச மேடைக்கு வந்தவர், ஒலிபெருக்கியை யாரோ நகர்த்தி வைத்திருந்ததால், தரையில் பதித்த எந்திரத்தின் மேல் போய் நின்றுவிட்டார். திரையில் யானைக்குட்டி வந்தது. தும்பிக்கையை ஆட்டியது. பிளிறியது. எல்.கே.ஜி. வரிசையில் ஒரு குழந்தை கைதட்டியது. அதற்குப் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. ஆசிரியர்கள்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்கள்.

அவர் விடுப்பில் போனார். எங்கே போனார் என்று கொஞ்ச நாள் யாருக்கும் தெரியவில்லை.

வர்ஷினி அவரை மறுபடி பார்த்தது மருத்துவமனையில். ஊசிக்குப் போன இடத்தில் அவர் இருப்பது தெரிந்ததும் அப்பாவை இழுத்துக்கொண்டு அவளே போனாள். தனியறையில், சாய்வு நாற்காலியில், பழைய முருங்கைக்காயாகத் தாளாளர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இமயம் ஆப்பிள் நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"வா கண்ணு. பாத்தியா, நீயும் ஃபிட்டு, நானும் ஃபிட்டு."

வர்ஷினி உட்காரவில்லை. "சார், எனக்கு அது திரும்ப வேணும்."

"எது?"

"நான் குடுத்தது. பூரா வேண்டாம். பாதி குடுத்தாப் போதும். வளத்துக்குவேன்."

தாளாளர் இமயத்தைப் பார்த்தார். இமயம் ஆப்பிளைப் பார்த்தார். "அது இப்ப இல்லம்மா. சார் எடுத்துட்டார்."

"எடுத்துட்டாரா? அவருக்குச் சர்க்கரை எறங்கியிருந்துச்சே."

"எறங்குச்சு. இப்ப மறுபடி ஏறிருச்சு." தாளாளர் அலட்சியமாகக் கையை அசைத்தார். "இருக்கட்டும். ஊசி போட்டுக்கறேன். ஊசி வெளிய தெரியாதுல்ல."

"எடுத்தத என்ன பண்ணுனீங்க?"

"ஆஸ்பத்திரிக் கழிவு போடற மஞ்சப் பையில போட்டு எரிக்கக் குடுத்தாச்சு," என்றார் இமயம். "சட்டம் அப்படி. ஒரு தடவ நட்டு எடுத்தத இன்னொருத்தருக்கு வைக்கக் கூடாது."

தெய்வசிகாமணி அவ்வளவு நேரமும் கதவோரம் நின்றிருந்தார். வாயைத் திறந்தார். "ஏனுங்க டாக்டர், ஃப்ரீசர்ல கொஞ்சமாச்சும் எடுத்து வெச்சிருக்க மாட்டீங்களா? மிச்சம் வர்ற கிரீமெல்லாம் நாங்க வெப்போமுங்க. கெடாதுங்க. ரொம்ப நாளைக்குக் கெடாதுங்க." கேட்டுவிட்டு அவரே தலையைத் திருப்பிக்கொண்டார்.

இமயத்துக்கு மனம் இளகிவிட்டது. "பாப்பா பேரையும் கொழுப்பு வாங்கறவங்க வரிசையில சேத்துடறேன். வரிசை நீளம். ஆனா மாத்து ஆள் கூட்டிட்டு வந்தீங்கன்னா சீக்கிரம் ஆகும். ரத்தத்துக்குச் செய்யறோமே, அதே மாதிரிதான். நல்ல குண்டா ஒரு புள்ள. ரத்தம் சேந்துச்சுன்னா நேரா இவளுக்கே வெச்சுடலாம்."

"குடுத்தவளுக்கு முன்னுரிமை ஒண்ணும் இல்லீங்களா?" என்றாள் வர்ஷினி.

"மேடையில மரியாதை பண்ணுனமேம்மா," என்றார் தாளாளர், உண்மையாகவே மனம் வருந்தி.

வீட்டுக்கு வந்து தெய்வசிகாமணி எல்லாவற்றையும் சொன்னார். கோகிலவாணி அழுதாள். மகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கருத்த கழுத்தில் முத்தம் கொடுத்து அழுதாள். அந்த அழுகையில் பொய் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டபோது அவள் முகம் தெளிந்திருந்தது.

அடுத்த சனிக்கிழமை கடையின் பின்கட்டு மாடியில் வர்ஷினி கணக்கு நோட்டை விரித்து உட்கார்ந்திருந்தாள். சனிக்கிழமைகளில் இலக்கியா கணக்குப் போட வருவது வழக்கம். கோகிலவாணிக்கு அது பிடிக்காது. ரெண்டும் சேர்ந்து உட்கார்ந்தால் பெஞ்ச் என்னத்துக்கு ஆகும் என்று முன்பெல்லாம் சத்தமாகவே கேட்பாள். இன்றைக்கு அவளே இலக்கியாவுக்குப் போன் போட்டு, சீக்கிரம் வா சாமி என்று கூப்பிட்டிருந்தாள். ஒரு பெரிய தட்டை எடுத்துவந்து மேசையில் வைத்தாள். நெய் மைசூர்பாகு, தேங்காய் பன், பிளம் கேக், சூடான பப்ஸ், மேலே சிந்தாமல் ஒரு கிண்ணம் கோவா.

"இலக்கியாவுக்கு வேற என்ன கண்ணு புடிக்கும்?"

"எதுக்கும்மா?"

"நல்ல புள்ள. மூச்சு வாங்காம படியேறி வருவா. உன்னாட்டமே." கோகிலவாணி மகளின் தலையைக் கோதிவிட்டாள். "அந்த முகாம்ல அவளுக்கும் டெஸ்ட் எடுத்தாங்கல்ல? என்ன வந்துச்சுன்னு உங்கிட்டச் சொன்னாளா?"

முகாம் நடந்த அன்று இலக்கியா ஊசிக்குப் பயந்து விளையாட்டுச் சாமான் அறையில் மெத்தைகளுக்கு அடியில் படுத்துவிட்டாள். மேலே மெத்தையைப் போட்டு மூடிவிட்டது வர்ஷினிதான். வேறு யாருக்கும் தெரியாது. எடுத்துப் பார்த்திருந்தால் என்ன வந்திருக்கும் என்று வர்ஷினிக்குத் தெரியும். தன்னுடைய பழைய உடம்பை அவளுக்கு அடையாளம் தெரியாதா.

தட்டிலிருந்து நெய் வாசனை ஏறியது. வர்ஷினியின் வாயில் எச்சில் ஊறியது. அது தட்டை நினைத்து ஊறியதா, இலக்கியாவை நினைத்து ஊறியதா என்று அவளுக்கே சட்டென்று பிடிபடவில்லை. தட்டைத் தள்ளி வைத்தாள்.

"சொன்னாம்மா," என்றாள். "சர்க்கரையாம். நெறைய இருக்காம். கல்லீரல் பூரா அடைச்சுப் போச்சாம். அவ கெட்ட குண்டு."

"அடப்பாவமே," என்றாள் கோகிலவாணி. உடைத்த தேங்காய் அழுகலாக இருந்தால் கடைக்காரனிடம் சொல்லும் குரல் அது. "நெசமாவா?"

"நெசமா. அவங்கம்மாகிட்டக் கேட்டுராத. அழுவாங்க."

"எனக்கென்னத்துக்கு அந்தக் கதையெல்லாம்." தட்டைத் தூக்கிக்கொண்டாள். பாதி வழியில் நின்று, வெறுங்கையாய் அனுப்பினால் நன்றாக இருக்காது என்று தோன்றியதோ என்னவோ, அலமாரியிலிருந்து காய்ந்த வர்க்கி ரொட்டி ஒரே ஒன்றை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

இலக்கியா இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி வந்தாள். மேசையைப் பார்த்தாள்.

"என்னடி இது? உங்கம்மா போன்ல மைசூர்பாகுன்னாங்க, கோவான்னாங்க. ஒரு வர்க்கி கெடக்குது."

"தீந்துபோச்சு."

"அத்தனையும் நீயே தின்னுட்டியா?"

"ஆமா."

"எனக்குன்னு ஒண்ணுகூட வைக்கல. பேய்டி நீ." இலக்கியா நிஜமாகவே கோபித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நோட்டைத் திறந்தாள். ஒரு கணக்கைப் போட்டு முடித்துவிட்டு வர்க்கியை இரண்டாக உடைத்து, பெரிய துண்டை வர்ஷினியின் பக்கம் தள்ளினாள்.

உள்ளே கோகிலவாணி யாருக்கோ போன் போட்டிருந்தாள். ஈரோட்டுப் பெரியம்மா மகளாக இருக்கும். "உங்க பாப்பாவப் பாத்து ரொம்ப நாளாச்சுங்க்கா," என்று அவள் குரல் கேட்டது. "இன்னும் அப்படியேதான் இருக்காளா, நல்லா பூசுனாப்புல? டயட்டா? அதெல்லாம் எதுக்குங்க்கா. வளர்ற புள்ள. நல்லா சாப்பிடட்டும், விடுங்க."